பழைய குடும்பப் படங்களில் ஆட்களை அடையாளம் காண: எந்தச் செயலி, எந்த வேலைக்கு

திருகோணமலையில் ஒரு குடும்பத்தின் பழைய படங்கள் எல்லாம் ஒரே வீட்டில் இருப்பது அரிது. கொஞ்சம் அப்பம்மாவின் இரும்புப் பெட்டிக்குள் கிடக்கும், கொஞ்சம் கொழும்பில் பெரியப்பா வீட்டில், மிச்சம் ரொறொன்ரோவிலோ லண்டனிலோ ஒரு மாமியிடம். 1983, 1990, 2006 என்று இடம்பெயர்ந்த காலங்களில் கைவிட்டுப் போனவை பல. 2004 டிசம்பர் 26 அன்று கடல் கொண்டுபோனவை இன்னும் பல. தப்பிய படங்களில் முகங்கள் தெளிவாகத்தான் இருக்கின்றன. "நடுவில கதிரையில இருக்கிறது ஆர்?" என்று கேட்டால் சொல்வதற்குத்தான் ஆளில்லை. அந்தப் பெயர்களை மீட்க செயற்கை நுண்ணறிவு எவ்வளவு உதவும், கூகுள் போட்டோஸ், டிஜிகாம் என்ற கணினி மென்பொருள், மைஹெரிட்டேஜ் என்ற குடும்ப மரத் தளம், சற்ஜிபிடி ஆகியவற்றில் எதை எதற்கு எடுக்கலாம் என்பதை இங்கே பார்ப்போம்.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வீட்டில் மடிகணினி இருந்தால் டிஜிகாம். தொலைபேசி மட்டும்தான் என்றால் கூகுள் போட்டோஸ், சில நிபந்தனைகளோடு. எதை எடுத்தாலும், எண்பது வயது தாண்டிய உறவினரிடம் போய் இருந்து கேட்கும் வேலை முதலில் நடக்க வேண்டும். மென்பொருள் அடுத்த வருடமும் இருக்கும்.

மென்பொருள் செய்வது ஒப்பிடுதல் மட்டும்

முகம் அறியும் மென்பொருள் எதுவும் ஒரு முகத்தைப் பார்த்த உடனே பெயர் சொல்வதில்லை. முதலில் படத்தில் முகம் எங்கே என்று தேடிக் கட்டம் போடும். பிறகு கண், மூக்கு, வாயோரம் ஆகிய புள்ளிகளைப் பிடித்து முகத்தை நேராக்கிச் சின்னச் சதுரமாக வெட்டும். அந்தச் சதுரத்தை ஓர் எண் வரிசையாக மாற்றும். டிலிப் என்ற திறந்தமூல நிரல் தொகுப்பில் அந்த வரிசைக்கு 128 எண்கள். இரண்டு முகங்களின் வரிசைகளுக்கு இடையிலான தூரம் 0.6க்குக் குறைந்தால் ஒரே ஆளாக இருக்கலாம் என்று கொள்வது வழக்கம். எல்லையை 0.5க்கு இறக்கினால் ஆளை மாற்றிச் சொல்வது குறையும், ஆனால் சரியான பொருத்தங்கள் சிலவும் கைநழுவும்.

ஆகவே பெயர் தெரிந்த படம் ஒன்றாவது உங்களிடம் இல்லையென்றால் இயந்திரத்தால் பெயர் தர முடியாது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலப் படங்களுக்கென்று 2018இல் தொடங்கிய 'சிவில் வார் போட்டோ ஸ்லூத்' என்ற தளம் பெயர் தெரியாத சிப்பாய்கள் பலரை அடையாளம் காண உதவியது. பெயர் தெரிந்த சிப்பாய்களின் படங்கள் ஆயிரக்கணக்கில் அங்கே முன்கூட்டியே சேர்க்கப்பட்டிருந்ததால்தான் அது முடிந்தது. கிழக்கு மாகாணத்துக் குடும்பங்களுக்கு அப்படியொரு தொகுப்பு கிடையாது. உங்கள் குடும்பத்துக்கான தொகுப்பை நீங்களேதான் கட்ட வேண்டும்.

துல்லியம் பற்றிய விளம்பர எண்களையும் அப்படியே எடுக்கக் கூடாது. டிலிப்பின் 99.38 சதவீதம் என்பது இணையத்திலிருந்து எடுத்த பிரபலங்களின் செய்திப் படங்களில் சோதித்துக் கிடைத்தது. அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய நிறுவனம் 2019 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வு, மென்பொருளைப் பொறுத்து, ஆசிய, ஆபிரிக்க முகங்களில் வேற்று ஆளை ஒரே ஆள் என்று சொல்லும் பிழை வெள்ளையர் முகங்களைவிட 10 முதல் 100 மடங்கு வரை கூடுவதைக் காட்டியது. பெண்கள், முதியவர்கள், சிறுவர்கள் முகங்களிலும் இந்தப் பிழை கூடுதல். பழைய குடும்பப் படங்களில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் இவர்கள்தான்.

இதற்கு மேல் சொந்தத்துச் சாயல் வேறு. அண்ணன் தம்பி, தாய் மகள், போதாக்குறைக்கு மச்சான் மச்சாள் கலியாணம் தலைமுறை தலைமுறையாக நடந்த குடும்பம் என்றால், இருபத்தைந்து வயதில் அப்பப்பாவும் இருபத்தைந்து வயதில் சித்தப்பாவும் இயந்திரத்துக்கு ஒரே ஆளாகத் தெரிவது சாதாரணம். குழந்தைப் படத்தையும் வளர்ந்தவர் படத்தையும் நேராகப் பொருத்துவதும் நம்பத் தகுந்ததல்ல. பத்துப் பன்னிரண்டு வயதுக்குக் கீழே அது சொல்வதை வெறும் ஊகமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கான் சரியில்லை என்றால் எந்தச் செயலியும் சரிவராது

மென்பொருளைக் குறை சொல்லும் இடங்களில் பாதிக்கு மேல் பிழை ஸ்கானில்தான் இருக்கிறது. ஒரு கணக்கு போதும்: படத்தில் முகத்தின் உயரத்தை மில்லிமீற்றரில் அளந்து, ஸ்கான் செய்யும் டிபிஐயால் (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பது) பெருக்கி, 25.4ஆல் வகுத்தால், முகத்துக்கு எத்தனை புள்ளி கிடைக்கும் என்று தெரியும். பாடசாலைக் குழுப் படத்தில் 8 மில்லிமீற்றர் முகம் 300 டிபிஐயில் 94 புள்ளி, 600இல் 189. பெட்டிக் கமராவில் எடுத்த 6×9 சென்ரிமீற்றர் படத்தில் பன்னிரண்டு பேர் நின்றால் முகம் 3 மில்லிமீற்றர்தான். 600இல் 71, 1200இல் 142. டிலிப் முகத்தை 150×150 சதுரத்துக்குக் கொண்டுவந்துதான் பார்க்கும். எனவே ஒரு முகத்துக்கு 120 முதல் 150 புள்ளி வருமாறு டிபிஐயைத் தெரிவு செய்யுங்கள். ஸ்டூடியோப் படங்களுக்கு 600 போதும், கையளவுப் படங்களுக்கு 1200. நெகற்றிவ் கிடைத்தால் அதற்குத்தான் முன்னுரிமை. 2400க்குக் குறையாமல் ஸ்கான் செய்தால் அச்சில் இல்லாத விவரமும் வரும்.

கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ண முறையிலேயே ஸ்கான் செய்து, தரம் குறையாத டிஃப் கோப்பாக வையுங்கள். வேலைக்கு அளவில் சிறிய ஜேபெக் பிரதி ஒன்று எடுக்கலாம். ஸ்கானரில் 'தானாகத் திருத்து', 'கூர்மையாக்கு' என்று இருப்பவற்றை அணைத்துவிடுங்கள். கோப்புக்குப் பெயராக எண் மட்டும் போடுவது நல்லது: 02-031-1 என்றால் இரண்டாம் பெட்டி, 31ஆம் படம், முன்பக்கம், 02-031-2 அதன் பின்பக்கம். வெறுமையாக இருந்தாலும் பின்பக்கத்தை ஸ்கான் செய்ய வேண்டும். மங்கிய பென்சில் எழுத்தும் ஸ்டூடியோ முத்திரையும் திரையில் பெருப்பித்துப் பார்க்கும்போதுதான் கண்ணுக்குப் படும்.

கடற்காற்றும் ஈரமும் சேர்ந்த ஊர் என்பதால் இங்கே அடிக்கடி வரும் சிக்கல் ஒன்று: சுவரில் மாட்டிய படம் சட்டக் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கும். அதை இழுத்துப் பிரிக்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடே யன்னல் பக்கத்தில் வைத்து, வெயில் நேரே விழாத காலை வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் படம் எடுங்கள். படத்துக்கு எதிரே கறுப்புத் துணி ஒன்றைப் பிடித்தால் பிரதிபலிப்பு அடங்கும். பசை அல்பத்தில் ஒட்டியவற்றையும் பிரிக்காமல் பக்கத்தோடு ஸ்கான் செய்யலாம். தொலைபேசியில் எடுப்பதானால் முகத்தை அழகாக்கும் வசதியை முதலில் அணைக்க வேண்டும். தோலை வழவழப்பாக்கி மூக்கை மெலியச் செய்தபின் கிடைப்பது உங்கள் பூட்டியின் முகமல்ல.

வெளிநாட்டிலிருந்து படம் வரும் வழியும் முக்கியம். வட்ஸ்அப்பில் சாதாரணத் தரத்தில் படமாக அனுப்பினால் நீளப் பக்கம் சுமார் 1600 புள்ளிக்குச் சுருங்கிவிடும். நாற்பது பேர் நிற்கும் படம் அப்படி வந்தால் ஒரு முகத்துக்கு நாற்பது, ஐம்பது புள்ளிதான் மிஞ்சும். 'டொக்கியூமென்ற்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், அப்படி அனுப்பினால் கோப்பு சுருங்காது.

பெயர் உறுதியான சான்றுப் படங்கள்

செயலியைத் திறக்கும் முன் ஒவ்வொரு பெரியவருக்கும் பெயரில் சந்தேகமே இல்லாத நாலைந்து முகங்களைத் தேடி எடுங்கள். இருபது வயதில் ஒன்று, முப்பதில் ஒன்று, ஐம்பதில் ஒன்று என்று வயது பரந்திருப்பது நல்லது. இரண்டு படங்களுக்கிடையில் பத்துப் பதினைந்து வருடத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால் பொருத்தம் பலவீனமாகும்.

முதல் சான்று தேசிய அடையாள அட்டை. 1972இலிருந்து வழங்கப்பட்ட பழைய அட்டைகளில் முகம், பெயர், பிறந்த திகதி மூன்றும் ஒன்றாக இருக்கின்றன. எண்ணே பிறந்த நாளைச் சொல்லும். 34612 என்று தொடங்கினால் 1934ஆம் ஆண்டு; அடுத்த மூன்று இலக்கமான 612, 500க்கு மேல் இருப்பதால் பெண்; 612இல் 500 போக 112ஆம் நாள். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் வைத்து எண்ணினால் ஏப்ரல் 21. முகப் பகுதியை 1200 டிபிஐயில் தனியாக எடுங்கள். எண் தெரியும் முழு அட்டையை எந்த இணையச் செயலியிலும் ஏற்ற வேண்டாம்.

இரண்டாவது, ஒருவர் இறந்த 31ஆம் நாளில் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவு மலர். வம்சாவளி, பிறந்த இறந்த திகதிகள், பிள்ளைகள் மருமக்கள் பெயர்கள், பெரும்பாலும் தெளிவான படம் ஒன்று என எல்லாம் சேர்ந்து கிடைப்பதால் எங்கள் சமூகத்தில் இதைவிட நல்ல குடும்ப ஆவணம் இல்லை. வீட்டில் இல்லையென்றால் நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்தில் தேடிப் பாருங்கள், நினைவு மலர்கள் நிறையவே அங்கே இருக்கின்றன. அச்சுப் படம் சிறு புள்ளிகளால் ஆனது என்பதால் ஸ்கானரின் 'டீஸ்கிரீன்' வசதியைப் போட்டு எடுக்க வேண்டும்.

மூன்றாவது, செத்தவீட்டுப் படம். பெட்டியைச் சுற்றிக் குடும்பமே நிற்கும் அந்தப் படத்தைப் பலர் பார்க்க விரும்பாமல் அடியில் வைத்திருப்பார்கள். ஆனால் மரணச் சான்றிதழில் திகதி உறுதி, நெருங்கிய சொந்தம் முழுவதும் அங்கே நிற்கும், யார் எங்கே நிற்பது என்பதும் உறவுமுறைப்படிதான். கலியாணப் படத்தைவிட இது நம்பகமான சான்று.

கூகுள் போட்டோஸ்

இலகுவானது, எல்லாரிடமும் ஏற்கெனவே இருப்பது. அமைப்புகளில் ஒரே மாதிரி முகங்களைக் குழுவாக்கும் தெரிவை இயக்கினால், படங்களை ஏற்றிய சில நாட்களில் முகக் குழுக்கள் உருவாகிவிடும். நீங்கள் பெயர் கொடுக்கலாம், "இருவரும் ஒருவரா?" என்று அது கேட்கும்போது பதில் சொல்லலாம். குழுவாக்குவதில் இதன் திறமை நன்று. பக்கவாட்டில் திரும்பிய முகம், மூக்குக்கண்ணாடி போட்ட முகம் எல்லாம் சேர்த்துத் தரும்.

குறைகள் மூன்று. இலவச இடம் 15 ஜிபிதான். 2021 யூன் முதல் படங்களும் அதற்குள் கணக்கு, மின்னஞ்சலும் அதற்குள்தான். டிஃப் கோப்புகளை ஏற்றினால் சீக்கிரம் நிரம்பிவிடும், ஆகவே ஜேபெக் பிரதியை ஏற்றுங்கள். இரண்டாவது, மங்கிப்போய் முகமென்று அது கண்டுகொள்ளாத இடத்தில் நீங்களாகக் கட்டம் போட வழியில்லை. மூன்றாவதுதான் எங்களுக்குப் பெரிது. நீங்கள் இட்ட பெயர்கள் உங்கள் கணக்கில்தான் இருக்கும், படத்துக்குள் எழுதப்படுவதில்லை. அல்பத்தைப் பகிர்ந்தால் படம் மச்சாளுக்குப் போகும், பெயர் போகாது. கணக்கு மூடப்பட்டால் அத்தனை உழைப்பும் போகும். இதைப் பயன்படுத்துபவர்கள் ஒவ்வொரு படத்தின் விவரக் குறிப்பிலும் பெயர்களை இடமிருந்து வலமாகத் தட்டச்சு செய்து வைப்பதோடு, தனியே ஓர் அட்டவணையும் வைத்திருக்க வேண்டும்.

ஐபோனில் உள்ள படச் செயலியும் கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்யும். முகங்களைத் தொலைபேசிக்குள்ளேயே ஆராய்கிறது என்பது அதன் நன்மை. ஐகிளவுட்டில் இலவச இடம் 5 ஜிபிதான். பெயர் படத்தோடு வெளியே போகாத குறை இங்கும் உண்டு.

டிஜிகாம்

இலவசமான திறந்தமூல மென்பொருள். விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். முதல் தடவை முகம் அறியும் கோப்புகளை இணையத்திலிருந்து இறக்கும். நூற்றுக்கணக்கான எம்பி ஆகும் என்பதால் டேற்றா உள்ள நாளில் செய்யுங்கள். அதன் பிறகு இணையமே வேண்டாம். ஒரு படமும் வீட்டைவிட்டு வெளியே போகாது. 8 ஜிபி ராம் உள்ள மடிகணினி என்றால் சிரமமில்லை. 4 ஜிபியிலும் ஓடும், இரவில் விட்டுவிட்டுப் படுக்க வேண்டியிருக்கும்.

நிறுவியதும் முதல் வேலையாக அமைப்புகளில் 'மெட்டாடேட்டா' (கோப்போடு சேர்ந்த விவரங்கள்) பகுதிக்குப் போய், முகக் குறிகளைக் கோப்பில் எழுதும் தெரிவில் சரி போடுங்கள். இதை மறந்தால் பெயர்கள் எல்லாம் டிஜிகாமின் தரவுத்தளத்துக்குள் மட்டும் நின்றுவிடும். மூலக் கோப்பைத் தொட விரும்பாதவர்கள் பக்கத்தில் தனிக் குறிப்புக் கோப்பாக எழுதச் சொல்லலாம்; அப்போது அந்த இரண்டு கோப்புகளும் எப்போதும் சேர்ந்தே நகர வேண்டும்.

அடுத்து இடப்பக்கத்தில் 'பீப்பிள்' பகுதியைத் திறந்து முகங்களைத் தேடச் சொல்லுங்கள். கண்டுபிடித்த முகங்கள் எல்லாம் பெயர் தெரியாதவை என்ற தட்டில் வந்து விழும். சுவரில் தொங்கும் சாமி படமும், சேலைக் கரையில் இருக்கும் பூவும்கூட முகமென்று வரும், அவற்றைத் தள்ளிவிடுங்கள். விடுபட்ட முகத்துக்கு நீங்களே கட்டம் போடலாம். மங்கிய படங்களுக்கு இந்த ஒரு வசதிக்காகவே டிஜிகாமை எடுக்கலாம். சான்றுப் படங்களுக்கு முதலில் பெயர் கொடுங்கள். ஓர் ஆளுக்கு ஐந்தாறு முகம் உறுதியான பிறகுதான் அடையாளம் காணும் கட்டளையைக் கொடுக்க வேண்டும். இரண்டு முகத்தோடு ஓடவிட்டால் தாடி வைத்தவர்கள் எல்லாரும் ஒரே ஆள் ஆகிவிடுவார்கள். அது தரும் ஊகங்கள் 'உறுதிப்படுத்தாதவை' என்று தனியாக வரும். ஒவ்வொன்றாகப் பார்த்து ஏற்கவோ மறுக்கவோ செய்யுங்கள். மொத்தமாகத் தெரிவு செய்து ஏற்பது ஆபத்து, தவறான முகம் ஒன்று உள்ளே போனால் அடுத்த சுற்றில் அது தன்னைப் போன்ற இன்னும் பத்தை இழுத்துவரும்.

பெயர்க் குறியைத் தமிழிலேயே தட்டச்சு செய்யலாம். ஆனால் "கனகம்மா மாமி" என்று போடாதீர்கள். உங்களுக்கு மாமி, உங்கள் மகனுக்கு அம்மம்மா. முழுப்பெயர், தகப்பன் பெயர், பிறந்த ஆண்டு மூன்றும் சேர்ந்தால்தான் ஒரே பெயருடைய பாட்டனும் பேரனும் பிரிந்து நிற்பார்கள். பெண்களுக்குக் கலியாணத்தோடு முதலெழுத்து மாறுவதால் தகப்பன் பெயரோடு உள்ள பெயரையே குறியாக வைத்து, கணவர் பெயரைக் குறிப்பில் சேர்ப்பது குழப்பம் தராது.

மைஹெரிட்டேஜ்

குடும்ப மரத்தையும் படங்களையும் இணைக்க விரும்புவோருக்கு இது பொருந்தும். தொலைபேசிச் செயலியில் முகங்களைக் குழுவாக்கி மரத்திலுள்ள ஆளோடு இணைக்கலாம். வெளிநாட்டுச் சொந்தங்கள் எல்லாரும் ஒரே மரத்தில் வேலை செய்ய முடிவது பெரிய வசதி. ஆனால் மரம் பெருத்தால் கட்டணம் வரும், படங்களும் அவர்களின் கணினியில்தான் இருக்கும். 2018இல் 9 கோடி 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட பயனரின் மின்னஞ்சல் முகவரிகளும் குறியாக்கிய கடவுச்சொற்களும் கசிந்ததாக அந்த நிறுவனமே அறிவித்தது. உயிரோடு இருப்பவர்களின் விவரங்களை ஏற்றும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

படம் எடுத்த ஆண்டை மதிப்பிடும் வசதியும் 2023இலிருந்து அங்கே உண்டு. 1860 முதல் 1990 வரையான படங்களுக்கு. வேட்டியும் சேலையும் மேலைநாட்டு உடுப்புப்போல பத்து வருடத்துக்கு ஒருமுறை மாறுவதில்லை என்பதால், எங்கள் படங்களுக்கு அந்த மதிப்பீட்டை நாங்கள் பெரிதாக எடுப்பதில்லை. அதைவிடப் பின்னணி நம்பகமானது. சுவாமி மலையில் இருந்த பழைய கோயிலை 1622இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள்; இன்றைய கோணேசர் கோயிலின் குடமுழுக்கு 1963இல்தான் நடந்தது. முடிந்த கோயில் கட்டடம் பின்னால் தெரிந்தால் படம் 1960களுக்கு முந்தியதாக இருக்க முடியாது. பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளித்தது 1957இல். டொக்யார்ட் தொழிலாளர் குழுப் படத்தின் நடுவில் வெள்ளைக்காரத் துரை அமர்ந்திருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்திய படம்.

சற்ஜிபிடி, ஜெமினி

இவை சாதாரண ஆட்களை முகத்தை வைத்துப் பெயர் சொல்ல மறுக்கும், மறுப்பது சரியும்கூட. இவற்றின் பயன் வேறு: பின்பக்கக் கையெழுத்தை வாசிப்பது, ஸ்டூடியோ முத்திரையைத் துலக்குவது, சீருடை, வாகனம், கமரா வகை பற்றிக் கேட்பது. கையெழுத்தில் ஒரு பொறி உண்டு. பழைய முறையில் எழுதிய லை, னை, ணா, றா எழுத்துகளிலும், புள்ளி வைக்காமல் எழுதிய மெய்யெழுத்துகளிலும் இவை தடுமாறும். தடுமாறினாலும் சொல்லாது, வாயில் வந்த பெயரை உறுதியாகச் சொல்லும். "எழுத்து எழுத்தாக வாசி, தெரியாத எழுத்துக்கு இடம் விடு, ஊகிக்காதே" என்று கேட்டு, வந்த விடையைப் பழைய எழுத்துப் பழக்கமுள்ள ஒருவரிடம் காட்டிச் சரிபாருங்கள்.

இணையம் முழுவதும் முகம் தேடும் பிம்ஐஸ் போன்ற தளங்களை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். 1950இல் எடுத்த முகம் இணையத்தில் இருக்கப் போவதில்லை. இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் மாவட்டத்தில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தைக் கையில் வைத்திருக்கும் தாய்மார் இருக்கிறார்கள். இருபது வருடத்துக்கு முந்திய படத்தைக் கொடுத்தால் அந்தத் தளங்கள் எங்கோ ஒரு நாட்டில் சாயல் ஒத்த அந்நியர் ஒருவரைக் காட்டும். அது பிள்ளையென்று நம்பி அந்தத் தாய் இன்னொரு முறை உடைந்துபோவார். உதவி செய்யும் இளைஞர்கள் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். இயக்கச் சீருடையிலோ, போராட்டக் காலத்து ஊர்வலத்திலோ ஆட்கள் நிற்கும் படங்களையும் எந்த இணையச் சேவையிலும் ஏற்றக் கூடாது. உயிரோடு இருக்கும் ஒருவருக்கு அது என்ன விளைவைக் கொண்டுவரும் என்று படத்தை வைத்திருப்பவரால் கணிக்க முடியாது.

துலக்கிய முகம் வேறொருவர் முகம்

மங்கிய முகத்தைப் பளிச்சென்று ஆக்கும் செயலிகள் இப்போது நிறைய. அவற்றின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அடையாளம் காணும் வேலைக்கு யாரும் தொடமாட்டார்கள். எடுத்துக்காட்டாக, 2021இல் வந்த ஜிஎஃப்பிகான் என்ற மென்பொருள், இணையத்தில் திரட்டிய 70,000 முகப் படங்களில் பயின்றது. உங்கள் படத்தில் கண் மங்கலாக இருந்தால், அது அந்த முகங்களிலிருந்து கற்ற ஒரு கண்ணை வரைந்து வைக்கும். இமை, பல், தோல் எல்லாம் இப்படித்தான். பார்க்க அழகாக இருக்கும், வீட்டில் மாட்டலாம், தடையில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பெரியவரிடம் காட்டி "இது ஆர்?" என்று கேட்பதும், முகம் அறியும் மென்பொருளுக்குக் கொடுப்பதும் பிழை. ஒளி, வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாடு (கொன்ட்ராஸ்ற்) ஆகியவற்றை மட்டும் கூட்டிக் குறைக்கலாம். துலக்கிய பிரதியை வேறு கோப்புறையில் வையுங்கள்.

பெரியவரிடம் கேட்கும் முறை

வட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டு "யாருக்குத் தெரியும்?" என்று கேட்பதுதான் எல்லாரும் செய்வது. முதலில் பதில் போட்டவர் சொன்னதற்கே மற்றவர்கள் தலையாட்டுவார்கள் என்பதால் அது நல்ல வழியல்ல. இரண்டு பெரியவர்களிடம் தனித்தனியாகக் கேளுங்கள். படத்தைப் பெரிதாக அச்சிட்டு, மேலே மெல்லிய ஊடுதாளை வைத்து ஒவ்வொரு முகத்துக்கும் எண் போடுங்கள். பின்வரிசை இடமிருந்து வலம், பிறகு முன்வரிசை. முதலில் முழுப் படம், அதற்குப் பிறகு தனி முகம். யாருக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதுதான் நினைவைக் கிளறும். மென்பொருள் சொன்ன பெயரைப் பற்றி வாயே திறக்காதீர்கள். குரலைப் பதிவு செய்யுங்கள். "எங்கட சின்னையா" என்றால் யாருடைய சின்னையா என்பதையும், "மடத்தடி மாமா" என்றால் அவருடைய பதிவுப் பெயரையும் அந்த இடத்திலேயே கேட்டு எழுத வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நீட்டாதீர்கள், களைத்தபின் வரும் பெயர்களில் பிழை கூடும்.

இயந்திரம் ஒரு பெயரையும் பெரியவர் இன்னொரு பெயரையும் சொன்னால் என்ன செய்வது? முதலில் பார்க்க வேண்டியது, அந்த இரண்டு பெயருக்கு உரியவர்களும் ஒரே படத்தில் எங்காவது சேர்ந்து நிற்கிறார்களா என்று. நின்றால் அவர்கள் இருவர்தான் என்பது உறுதி, அந்தப் படத்தை வைத்தே வேறுபாட்டைக் கண்டுகொள்ளலாம். அடுத்தது காது. வளர்ந்தவருக்குக் காதின் வடிவம் அதிகம் மாறுவதில்லை, பழைய படங்களில் எண்ணெய் வைத்துச் சீவிய தலையில் காது நன்றாகவே தெரியும். மச்சத்தைப் பார்க்கும்முன் படம் இடம்வலம் மாறி அச்சானதா என்று பாருங்கள். நெகற்றிவைத் திருப்பி வைத்து அச்சிட்டவை உண்டு. சேலைத் தலைப்பு வலத் தோளில் விழுந்து, மணிக்கூடு வலக் கையில் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் தீராவிட்டால் "இருக்கலாம்" என்றே எழுதுங்கள். பெயருக்குப் பக்கத்தில் யார் சொன்னது, எந்தத் திகதி, எந்தச் சான்று என்று மூன்றையும் குறியுங்கள். தவறான பெயர் ஒன்று குடும்ப மரத்தில் ஏறிவிட்டால் அடுத்த தலைமுறை அதைத் திருத்தாது, பிரதி எடுக்கும்.

எந்த வீட்டுக்கு எது

முந்நூறு படங்களுக்குக் கீழே, பெரியவர்கள் இருவர் உயிரோடு இருக்கிறார்கள் என்றால் முகம் அறியும் மென்பொருளே தேவையில்லை. ஸ்கானர், ஊடுதாள், ஓர் அட்டவணை போதும். அதில் நேரம் மிஞ்சினால் இன்னொரு பெரியவரைத் தேடிப் போங்கள். ஆயிரத்துக்கு மேல், பல பெட்டிகள், பல வீடுகள் என்றால் டிஜிகாம். படங்கள் ஏற்கெனவே கூகுளில் குவிந்து கிடந்தால் அங்கே குழுவாக்கிப் பார்த்துவிட்டு, முடிந்த பெயர்களை டிஜிகாமில் கையால் இட்டு மாற்றுங்கள். முதல் நூறு படத்துக்கு அலுப்பாக இருக்கும், பிறகு அதுவே ஊகித்துத் தரும். உறவுகள் நாலு நாட்டில் சிதறியிருந்து எல்லாரும் சேர்ந்து மரம் கட்ட விரும்பினால், இறந்தவர்களின் படங்களை மட்டும் மைஹெரிட்டேஜில் ஏற்றலாம். பெண்களின் படம் வலைக்குப் போவதை விரும்பாத வீடுகள் மூதூரிலும் கிண்ணியாவிலும் நகரத்திலும் உண்டு. அவர்களுக்கு டிஜிகாம் ஒன்றே வழி, அதுவும் இணையத்தைத் துண்டித்து வைத்துச் செய்து காட்டினால் நம்பிக்கையோடு படத்தைத் தருவார்கள்.

வேலை முடிந்ததும் பெயர் எழுதிய கோப்புகளை இரண்டு வன்தட்டில் பிரதி எடுத்து, ஒன்றை ஊரிலும் மற்றதைக் கடலிலிருந்து தள்ளியுள்ள இன்னொரு மாவட்டத்திலோ வெளிநாட்டிலோ உள்ள உறவினரிடமும் வையுங்கள். மூலப் படங்களின் பின்னால் பேனாவால் எழுத வேண்டாம், ஈரத்தில் மை முன்பக்கத்துக்கு ஊறும். மென்மையான 4பி பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல், கோப்பு எண்ணையும் பெயரையும் எழுதுங்கள். பிளாஸ்ரிக் பூச்சுள்ள புதிய வகைத் தாளில் பென்சில் பிடிக்காது. அவற்றைத் தனித்தனிக் காகித உறையில் இட்டு, உறையில் முதலே எழுதிவிட்டுப் படத்தை உள்ளே வைக்க வேண்டும்.